முசியே பேருக்கு வந்த பார்சல்

கனகசெட்டிக்குளத்துக் கடற்கரையில் செத்த திமிங்கிலம் ஒதுங்கிய வருஷம் அது. எந்த வருஷம் என்று எண்ணாகக் கேட்டால் எனக்கு வராது. எமர்ஜென்சி முடிந்துவிட்டது. என் பெரிய பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தோம். மில்லில் மூன்று ஷிப்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும். ஊரே பஸ் பிடித்துப் போய் அந்தத் திமிங்கிலத்தைப் பார்த்தது. காலாப்பட்டு வரைக்கும் நாற்றம் வந்தது என்று சொன்னார்கள். எங்கள் தெருவில் அதைப் பார்க்காதவன் நான் ஒருத்தன்தான். ஏன் பார்க்கவில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. நான் சொல்கிறேன், பக்கத்து வீட்டு டீச்சரம்மா எழுதுகிறார். நான் 'வந்துட்டேன்' என்று சொன்னால் அவர் 'வந்துவிட்டேன்' என்று எழுதிவிடுகிறார். எழுதட்டும். நடந்ததை மாற்றாமல் இருந்தால் போதும்.

எங்களுடையது பேண்டு செட். எட்டுப் பேர். கல்யாணம், மாதா கோயில் தேர், சாவு, மஞ்சள் நீராட்டு, எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். நான் கிளாரினெட். சிவப்புச் சட்டை, தோளில் தங்க நிறத்தில் குஞ்சம். என் மனைவி துவைத்துத் துவைத்துச் சிவப்பெல்லாம் ரோஸாகிவிட்டது. டிரம் அடிக்கிறவன் அதற்கு ஒரு நாள்கூடச் சும்மா இருந்ததில்லை. "அண்ணே, பேசாம ரோசாப்பூ செட்டுன்னு போர்டு போட்டுரலாம்ண்ணே" என்பான். அவனும் போய்விட்டான். எட்டுப் பேரில் இப்போது நான் மட்டும்தான் மிச்சம்.

என் கிளாரினெட் கருங்காலி மரம். வெள்ளைக்காரர் இருந்த காலத்தில் அவர்களுடைய பேண்டில் வாசித்த ஒருவர் போகும்போது என் மாமனாருக்குக் கொடுத்தது. எனக்கு வரும்போதே அதற்கு வயதாகிவிட்டது. ஒரு கோடையில் மேல் பாகத்தில் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டது. தேன்மெழுகை உருக்கி ஊற்றி, மேலே நூல் சுற்றி ஓட்டினேன். வெயிலில் தேருக்கு முன்னால் அரை மணி நடந்தால் மெழுகு இளகிவிடும். காற்று ஒழுகும். மேல் ஸ்வரத்துக்குப் போகும்போது கீச்சென்று கத்தும். ஒரு கல்யாண ஊர்வலத்தில் அந்தக் கீச்சுக்குக் குதிரை மிரண்டு, மாப்பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். பெண் வீட்டார் மீதி வழியை வாசிக்காமலேயே வரச்சொல்லிவிட்டார்கள்.

ரீடும் கிடைக்காது. நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, கிளாரினெட்டுக்கு ரீடு அப்படி. நாணல் தட்டையை மெல்லியதாகச் சீவிச் செய்வது. மெட்ராஸில் கிடைத்ததெல்லாம் முரடு. பிளேடால் சீவிச் சீவி உதட்டைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம். நல்லது பாரீஸில்தான் செய்கிறார்கள் என்று பேண்டுக்காரன் ஒவ்வொருத்தனுக்கும் தெரியும்.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ரிட்டையரானவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர்களுக்குப் பென்ஷன் அங்கிருந்து வரும். குடியுரிமையும் அந்த நாட்டுது. நாங்கள் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீட்டம்மா மதாம். ஒரே மகள், அவள் பாரீஸில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தாள். முசியே சண்டை போட்ட சொல்தா இல்லை. இந்தோசீனாவில் பட்டாளத்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். கம்பளி, பூட்ஸ், சோப்பு எல்லாம் அவர் கையெழுத்தில்தான் உள்ளே வரும், வெளியே போகும். அந்தப் பழக்கம் அவருக்குக் கடைசி வரைக்கும் போகவில்லை. ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தால்கூட வாசலில் நின்று ஒரு முறை எண்ணிவிட்டுத்தான் உள்ளே போவார். எண்ணுவதற்கு என்ன இருக்கிறது, இரண்டு ரொட்டி.

தெருவில் யாருக்கு பிரெஞ்சில் காகிதம் வேண்டுமென்றாலும் அவரிடம் போவார்கள். பென்ஷன் மனு, பிறப்புச் சர்ட்டிபிகேட், எல்லாம். காசு வாங்கமாட்டார். ஆனால் கேட்டுக்கொண்டே இருப்பார். "நெசமா? நீ பாத்தியா? உனக்குத் தெரியுமா?" எல்லாம் கேட்டு முடித்து, கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்த வரியில் 'ஒனேர்' என்று ஒரு சொல் வரும். மானம் என்று அர்த்தம். என் மானத்தின் மேல் சொல்கிறேன், இதில் உள்ளது உண்மை. அவர்கள் பக்கத்துக் காகிதம் எல்லாவற்றிலும் அந்த வரி உண்டாம். மற்றவர்கள் அதைச் சும்மா எழுதுவார்கள். இவர் அந்த வரி வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்துப் பார்த்து, பிறகுதான் எழுதுவார்.

என் கிளாரினெட் கதையைக் கேட்டதும் அவரே சொன்னார்.

"பாரீஸ்ல கடை இருக்குடா. என் பொண்ணு பக்கத்துலதான் இருக்கா. அவ காச கட்டுவா, நீ வாசிச்சு சம்பாரிச்சு எனக்குக் குடு. ஆனா ஒழுங்கா வரவழைக்கணும்."

ஒழுங்கு என்றால் அவருக்கு எப்படி என்று சொல்கிறேன். முதலில் என்னைக் கூட்டிக்கொண்டு சுங்க ஆபீசுக்கே போனார். சாமான் வருவதற்கு முன்னால் சுங்க ஆபீசுக்குப் போன ஆள் எங்கள் ஊரில் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். அங்கே இருந்த அதிகாரி ஆச்சரியப்பட்டு உட்காரச் சொல்லிவிட்டார். தொழில் செய்கிறவன் தன் தொழிலுக்கு ஒரு வாத்தியம், கொஞ்சம் ரீடு வரவழைக்க அனுமதி கேட்டுப் பார்க்கலாம், பேண்டு செட் வைத்திருக்கிறான் என்பதற்குக் காகிதம் வேண்டும், தீர்வை கட்டவேண்டும், விற்கிற அளவுக்கு வந்தால் லைசென்ஸ் இல்லாமல் விடமாட்டோம் என்று சொன்னார். முசியே எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். திரும்பி வரும்போது பீச்சில் நடந்துகொண்டே எனக்குச் சொன்னார்.

"உன் பேருக்கு வரட்டும். உள்ள ஒரு பில்லு, தபால்ல தனியா ஒரு பில்லு. மேல ஒட்டற சீட்டுல புதுசுன்னா புதுசுன்னு எழுதணும், ஒண்ணுன்னா ஒண்ணுன்னு எழுதணும். பொட்டிக்குள்ள இருக்கறதும் சீட்டுல இருக்கறதும் ஒண்ணா இருந்தா எவனும் உன்னத் தொட முடியாது. கிடங்குல இருவது வருசம் இதான் பாத்தேன்."

அப்படியே மகளுக்கு எழுதினார். ஒரு கிளாரினெட், புதிது. ரீடு ஒரு பெட்டி. என் பெயர், என் விலாசம்.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அப்போது எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை இருந்தது. சொல்தா பேருக்கு வருகிற பார்சலைச் சுங்கக்காரர்கள் பிரிக்கமாட்டார்கள் என்று. பிள்ளைகள் அனுப்புகிற சட்டை, சென்ட், சாக்லேட் என்று அவர்களுக்கு மாதாமாதம் வரும். மேலே 'அன்பளிப்பு' என்று எழுதியிருக்கும். ஆகவே எதை வரவழைக்க வேண்டுமானாலும் தெரிந்த சொல்தா பேருக்கு வரவழைப்பது. அதில் எத்தனை வந்து சேர்ந்தது, எத்தனை வந்து சேரவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். வந்தவன் கதை மட்டும்தான் டீக்கடையில் ஓடும்.

கடலூரில் ஒரு சாவுக்கு வாசிக்கப் போனபோது அந்த ஊர் பேண்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். "பாரீஸ்லருந்து ரீடு வரவழைக்கிறியாமே. எங்களுக்கும் சொல்லு, என்னா வெல வேணா குடுக்கறோம்." விழுப்புரத்திலும் அப்படியே. பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன். என் புத்தி அந்தப் பக்கம் போய்விட்டது. முப்பது பெட்டி ரீடு, ஆறு மவுத் பீஸ். முசியேயிடம் கேட்டால் லைசென்ஸ் என்பார். கேட்கவில்லை.

திமிங்கிலம் ஒதுங்கியது அந்த வாரம்தான். தெருவே கிளம்பியது. முசியேகூட மதாமைக் கூட்டிக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு போனார். "நீ வரலியாடா?" என்று கேட்டார். வயிறு சரியில்லை என்று சொன்னேன். தெரு காலியானதும் மூலக்குளம் போகிற வழியில் டைப் அடிக்கிற ஒருத்தனிடம் போனேன். அவனுக்கு பிரெஞ்சு தெரியும். முசியே தன் மகளுக்கு எழுதுகிற மாதிரி ஒரு லெட்டர் அடிக்கச் சொன்னேன். அப்பாவுக்குக் கை வலி, அதனால் டைப் அடித்து அனுப்புகிறேன். முப்பது பெட்டி ரீடும் ஆறு மவுத் பீஸும் சேர்த்து வாங்கு. பேண்டுக்காரன் பேர் வேண்டாம், அப்பா பேருக்கே அனுப்பச் சொல். சீட்டில் 'பழைய வாத்தியம், அன்பளிப்பு' என்று கடைக்காரரை எழுதச் சொல். பில்லை உள்ளே வைக்கவேண்டாம்.

டைப் அடிக்கிறவன் கீழே முசியே பேரில் ஒரு கோணல் கையெழுத்துப் போட்டான். "கை வலின்னு சொல்லிட்டோம் இல்ல, இப்படித்தான் வரும்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். டீச்சரம்மா, அதையும் எழுதுங்கள். சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து மெட்ராஸ் தபால் சுங்கத்திலிருந்து முசியேவுக்கு நோட்டீஸ் வந்தது. பார்சல் நிற்கிறது, உள்ளே என்ன, எதற்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு நேரில் வரவும் என்று.

"என் பேருக்கு ஏன்டா வந்துருக்கு?" என்றார்.

"கடைக்காரன் மாத்திப் போட்டிருப்பான் முசியே."

"பொண்ணுகிட்ட தெளிவா எழுதினேனே" என்று முனகிக்கொண்டே எழுத உட்கார்ந்தார். இங்கிலீஷில் எழுதி முடித்து எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். பார்சல் பெயர் மாறி வந்திருக்கிறது, இது எங்கள் தெரு வாத்தியக்காரனுடைய சாமான், ஒரு புது கிளாரினெட், ஒரு பெட்டி ரீடு, வேறு எதுவும் இல்லை, தீர்வை கட்டத் தயார். பேனாவை மூடி வைத்தார். முதலிலிருந்து படித்தார். நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். மதாம் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். காபி கையில் இருக்கும்போதுதான் அவர் அந்த 'ஒனேர்' வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பார். என்னைத் திட்டியிருப்பார். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

நான் நினைத்தது என்னவென்றால், சொல்தா பார்சல், பிரிக்கமாட்டார்கள், கையெழுத்தைப் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள் என்று.

மெட்ராஸுக்கு விடியக்காலை பஸ். அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு, மார்பில் பட்டாளத்து மெடலைக் குத்திக்கொண்டு வந்தார். ஆபீசுக்குப் போனால் மரியாதையாகப் போகணும் என்பார். மதாம் ரொட்டியில் முட்டை வைத்துக் கட்டிக் கொடுத்திருந்தார். திண்டிவனத்தில் பஸ் நின்றபோது பிரித்து, பெரிய பாதியை எனக்குக் கொடுத்தார். "ஊதறவன் நீ, உனக்குத்தான் பலம் வேணும்." நான்கு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். சைகோனில் ஒரு தடவை கணக்கில் ஒரு கம்பளி குறைந்துபோய், மூன்று நாள் தூங்காமல் தேடியதைச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் அது கிடைத்ததா என்று சொன்னார். எனக்கு நினைவில்லை. நான் காதில் வாங்கவில்லை.

அந்த ஆபீசில் நீளமாக ஒரு மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம் சின்ன வயது அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார். முசியே எழுதியதை வாங்கிப் படித்தார். பார்சல் மேலே இருந்த சீட்டைப் படித்தார். மறுபடி முசியே எழுதியதைப் படித்தார். பிறகு ஆளை விட்டுப் பார்சலைப் பிரிக்கச் சொன்னார்.

முதலில் கிளாரினெட் வந்தது. கறுப்புப் பெட்டி, உள்ளே நீல வெல்வெட். மெழுகுத்தாள் சுற்றியிருந்தது. துளைகளை மூடுகிற வெள்ளிச் சாவியெல்லாம் கண் கூசியது. அந்த நேரத்திலும் எனக்கு அதைத் தொட்டுப் பார்க்கக் கை நீண்டது, டீச்சரம்மா. பிறகு ரீடு பெட்டி ஒன்று. அடுத்து ஒன்று. மேஜை மேல் அடுக்கிக்கொண்டே போனார்கள்.

"என்ன பெரியவரே இது? நீங்க புதுசுன்னு எழுதியிருக்கீங்க, சீட்டுல பழசுன்னு இருக்கு. நீங்க ஒரு பெட்டின்னு எழுதியிருக்கீங்க, இங்க முப்பது இருக்கு. சீட்டுல ரீடுன்னே இல்ல. எது உண்மை?"

முசியே அந்த அடுக்கைப் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார். எண்ணி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கீழ என்னமோ மானத்து மேல சத்தியம்னு வேற எழுதியிருக்கீங்க" என்றார் அதிகாரி. பக்கத்து மேஜையில் ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். "மெடல் எல்லாம் குத்திக்கிட்டு வந்து..." என்று அவர் ஆரம்பிக்க, அதிகாரி கை காட்டி நிறுத்தினார். "சரி, அந்த வாத்தியக்காரர் யாரு? இவரா?"

முசியே இரண்டாவது தடவை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கூட்டத்தில் வாசிக்கும்போது ஒருத்தன் ஆரம்பிக்கட்டும் என்று மற்றவர்கள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்.

"நான் இல்ல சார்" என்றேன். "பெட்டி தூக்கறதுக்குத் துணையா வந்தேன்."

என் வாயால் அதைச் சொன்னேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை.

பிறகு முசியே அதிகாரி பக்கம் திரும்பி, கிடங்கில் நிற்கிற மாதிரி நேராக நின்றார்.

"பார்சல் என் பேருக்கு வந்துருக்கு. கையெழுத்து என்னுது. எழுதிக்குங்க சார்."

எழுதிக்கொண்டார்கள். சாமான் எல்லாம் பறிமுதலாகிப் போயிற்று. அபராதம் போட்டார்கள். பொய்த் தகவல் கொடுத்தவர் என்று ஒரு ரிஜிஸ்டரில் அவர் பேர் ஏறியது. அவர்கள் மேல் தப்பு சொல்லமாட்டேன். பேப்பரில் இருந்தது அதுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெடலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இறங்கும்போது மட்டும், "படி ஒசரம், பாத்து எறங்கு" என்றார்.

அபராதப் பணத்தை நான்தான் பிறகு கட்டினேன், மகளுக்கு ஆனதையும் கொடுத்து முடித்தேன். பணத்தால் முடிகிற பகுதி அதோடு முடிந்தது.

ஒரு வாரம் கழித்து ஆள் விட்டுக் கூப்பிட்டார். காலை நேரம். மதாம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். மேஜையில் மகளுடைய லெட்டர். நிற்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"அப்பா, நீங்க டைப் அடிச்சு அனுப்புனபடியே எல்லாம் செஞ்சேன். கடைக்காரர் புதுசைப் பழசுன்னு எழுத மாட்டேன்னாரு. என்னைத் திருடியப் பாக்கற மாதிரி பாத்தாரு. கெஞ்சி எழுத வெச்சேன். ஸ்கூல்ல ஒரு பென்சில தெரியாம எடுத்துட்டு வந்ததுக்கு என்னை நடக்க வெச்சுத் திருப்பிக் குடுக்கச் சொன்னீங்களே, நீங்களா இப்படி எழுதினீங்க?"

லெட்டரை மடித்தார். "நான் டைப் அடிச்சு எதும் அனுப்பலியேடா" என்றார்.

காலில் விழுந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். திமிங்கிலம் பார்க்கப் போன நாள், டைப் அடிக்கிறவன், கடலூர் ஆட்கள், எல்லாம். "வெளிய சொல்லிறாதீங்க முசியே. அடுத்தவர் கையெழுத்துப் போட்டதுக்கு உள்ள தள்ளிருவாங்க. பொண்ணு கல்யாணம் நின்னுரும்."

"எந்திரி. தரையெல்லாம் தண்ணி" என்றார். மடித்த லெட்டரைக் கவருக்குள் போட்டார். "ஊருக்கு நான் சொல்லல. ஆபீசுக்கும் சொல்லல. ஆனா என் பொண்ணுக்குத் தெரியணும். நான் எழுதுனா, தப்பிக்கறதுக்கு அப்பன் இன்னொருத்தன மாட்டிவுடறான்னு நெனப்பா. செஞ்சவன் சொல்லணும். நீ எழுது."

"எனக்கு எழுதத் தெரியாதே முசியே. நீங்களே எழுதிக் குடுங்க, நான் கைநாட்டு வெக்கறேன்."

"எத்தினி பேருக்கு எழுதிக் குடுத்துருக்கேன்? இத மட்டும் நான் எழுத மாட்டேன். யாரயாவது புடிச்சு எழுது. நீ எழுதற வரைக்கும் நான் அவளுக்கு இதப் பத்தி ஒரு வார்த்த எழுத மாட்டேன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். நான் எழுதவில்லை. அவரும் எழுதவில்லை.

ஒரு முறை போனேன். மறைக்கமாட்டேன், ஒரே ஒரு முறை. அதே டைப் அடிக்கிறவனிடம். "என்னாண்ணே, போன தடவ அப்பன் பேருல. இந்தத் தடவ யாரு பேருல, ஆத்தா பேருலயா?" என்றான். அங்கே டைப் கற்றுக்கொள்ள வந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வந்துவிட்டேன். வேறு ஆளிடம் போனால் வெளியே தெரியும். பெண் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளினேன். முடிந்தது. பேரக்குழந்தை பிறக்கட்டும். பிறந்தது. இரண்டாவது பெண். தள்ளுவதற்கு ஏதாவது ஒன்று எப்போதும் கையில் இருந்தது.

பெரிய பெண் கல்யாணத்துக்கு முசியே வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டு, பெண்ணுக்குக் கையில் ஒரு கவர் கொடுத்துவிட்டுப் போனார். கோட்டில் மெடல் இல்லை. மெட்ராஸ் போய்வந்த நாளுக்குப் பிறகு அதை அவர் குத்திக்கொண்டு நான் பார்க்கவில்லை.

அவர் விஷயம் தெருவில் எப்படியோ கசிந்தது. அதற்குப் பிறகு மற்ற சொல்தாக்களின் பார்சல்களையும் பிரிக்க ஆரம்பித்தார்கள் என்று அவர்களுக்கும் எரிச்சல். டீக்கடை வழியாக ரொட்டியோடு போவார். யாராவது ஒருத்தன் ஆரம்பிப்பான்.

"முசியே, ரொட்டிக்குள்ள என்னா வெச்சுருக்கீங்க, வாட்சா?"

"ஏய், சும்மா இரு. ஒனேர் மேல சத்தியமா ரொட்டிதானாம்."

சிரிப்பார்கள். நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போவார். வாசலில் நின்று ரொட்டியை எண்ணுவதை எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை, ஒரு நாள் கவனித்தேன், எண்ணாமலே உள்ளே போனார்.

காகிதம் எழுதித் தருவதையும் நிறுத்திவிட்டார். யாராவது வந்தால், "என் கையெழுத்துக்கு இப்ப மதிப்பு இல்லப்பா, வேற ஆளப் பாரு" என்பார். மகளிடமிருந்து பார்சல் வருவது நின்றுபோனது. லெட்டர் வரும். மதாம் என் மனைவியிடம் சொல்லி வருத்தப்படுவார். "மின்னெல்லாம் நாலு பக்கம் எழுதுவா. இப்ப சொகம், சொகமான்னு ரெண்டு வரி. அப்பாக்கும் பொண்ணுக்கும் என்னா ஆச்சுன்னு ரெண்டு பேருமே சொல்ல மாட்டேங்கறாங்க." என் மனைவி அதை வந்து என்னிடம் சொல்லுவாள். அவளுக்கும் நான் சொல்லவில்லை.

எங்கள் தெருவுக்கு முதல் முதலாக டிவி வந்த வருஷம் முசியே இறந்தார். குளியலறையில் விழுந்தார், மூன்றாம் நாள் போய்விட்டார். மதாம் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினார். "நீங்கதான் வாசிக்கணும்னு முன்னாடியே சொல்லி வெச்சுருக்காரு" என்றார். அதைக் கேட்டு நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன்.

அதே விரிசல் விட்ட கிளாரினெட். புது நூல் சுற்றி, புது மெழுகு வைத்தேன். சவப்பெட்டி மேல் பிரெஞ்சுக் கொடி போர்த்தியிருந்தார்கள். கோயிலிலிருந்து கல்லறை வரைக்கும் வாசித்தேன். வெயிலுக்கு மெழுகு இளகிப் பாதி வழியிலேயே காற்று ஒழுக ஆரம்பித்தது. மேலே போகவேண்டிய இடத்தில் எல்லாம் கீழேயே வாசித்துச் சமாளித்தேன். டிரம் அடிக்கிறவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு ஒன்றும் கிண்டல் செய்யவில்லை.

மகளுக்கு விமானம் கிடைத்து அவள் வந்து சேர இரண்டு நாள் ஆகிவிட்டது. துக்கம் விசாரிக்கப் போனேன். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அதே மாதிரி நேரான முதுகு. அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடைசி வரைக்கும் அப்பா எனக்கு ஒண்ணும் சொல்லலியாம்மா? அந்த பார்சலப் பத்தி? ஏன் அப்படிச் செஞ்சேன்னு?"

"ஒண்ணும் சொல்லல கண்ணு. கேட்டா, சொல்ல வேண்டியது நான் இல்லம்பாரு."

நான் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவள் நிமிர்ந்து, "வாங்கண்ணே" என்றாள். சின்ன வயதில் எங்கள் பேண்டுக்குப் பின்னாலேயே ஓடிவருவாள், அந்தப் பழக்கத்தில் அண்ணே என்றாள். நாலு வார்த்தை போதும். அந்த லெட்டர் நான் அனுப்பியது. அதுதானே. "வரேன்ம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

மதாமும் பிறகு மகளோடு போய், அங்கேயே இறந்துவிட்டார். வீடு கை மாறிவிட்டது. இப்போது அதில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிறார்கள். கிளாரினெட்டை என் பேரன் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறான். ஊதுவதற்கு எனக்கு மூச்சும் இல்லை.

டீச்சரம்மா, உங்கள் மகள் பாரீஸில் இருக்கிறாள், அடுத்த மாதம் நீங்கள் போகிறீர்கள் என்று தெரிந்துதான் உங்களை உட்காரவைத்து எழுதச் சொன்னேன். முசியே மகளுடைய விலாசம் கோயிலில் கேட்டால் கொடுப்பார்கள், முசியே நினைவு நாள் பூசைக்கு இப்போதும் அவள் பணம் அனுப்புகிறாள். அவளுக்கும் எழுபது ஆகியிருக்கும். இந்தக் காகிதத்தைக் கையில் கொடுங்கள். தமிழ் படிக்கச் சிரமமாக இருந்தால் நீங்களே படித்துக் காட்டுங்கள். திருத்தாமல் படியுங்கள். டைப் அடித்த லெட்டரை அவள் அப்பா எழுதவில்லை, அவர் அறிந்து ஒரு வரிகூடப் பொய் எழுதவில்லை, நான் பக்கத்தில் நின்றுகொண்டு 'நான் இல்ல சார்' என்று சொன்னேன் என்று சொல்லுங்கள். இதற்குக் கீழே நான் கைநாட்டு வைக்கிறேன். அந்த 'ஒனேர்' வரியை மட்டும் எழுதவேண்டாம். அது அவருடையது.